சவேரியாரின் கால்கள்

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் பத்து வீட்டுக் குடும்ப அட்டையைப் புரட்டினால் ஒரு சேவியரோ சவரிமுத்துவோ சவரியம்மாளோ அகப்படாமல் போகமாட்டார்கள். புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு, உவரி என்று கரை நெடுக இதே கதைதான். வல்லம் கரைக்கு வரத் தாமதமானால் அவர் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி எரியும். அவர் செய்த புதுமைகளைப் பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். செத்தவரை எழுப்பினார், சிலுவையைத் தூக்கிக் காட்டி வடுகர் படையைத் திருப்பினார், கடலில் விழுந்த அவருடைய பாடுபட்ட சுரூபத்தை நண்டு ஒன்று கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. இளம் வயதில் பாரிஸ் மாணவர்களிடையே அவர் பேர்போன உயரம் தாண்டும் வீரர் என்பது மட்டும் அந்த வரிசையில் வருவதில்லை.

வரவேண்டும். புதுமைகளை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய கடிதங்களை மட்டும் கையில் எடுத்தால், 1542க்கும் 1544க்கும் இடையே இந்தக் கரையில் நமக்குத் தெரிவது ஒரு மனிதரின் உடம்புதான். நடந்து தேய்ந்த கால், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓய்ந்த கை, மந்திரம் சொல்லிக்கொடுத்துக் கட்டிப்போன தொண்டை. அந்த உடம்பு எங்கே, எப்படி உரமேறியது என்று தெரிந்துகொண்டால் அவர் இங்கே செய்த வேலை இன்னும் நன்றாகப் புரியும்.

பிரான்சிஸ் சவேரியார் பிறந்தது 1506 ஏப்ரல் 7. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருந்த நவார் என்ற சிற்றரசில், ஹவியேர் கோட்டையில். ஊர்ப் பெயர்தான் பின்னால் உலகெங்கும் சேவியர் ஆயிற்று. 1512இல் நவாரை ஸ்பெயின் விழுங்கியது. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு கோட்டையின் கோபுரங்களையும் மதில்களையும் இடித்துத் தள்ளினார்கள். அண்ணன்மார் இருவரும் வாளெடுத்துப் போருக்குப் போனார்கள். கடைக்குட்டி புத்தகத்தை எடுத்துக்கொண்டு 1525இல் பாரிஸுக்குப் போனார்.

அங்கே புனித பார்பரா கல்லூரி. காலை நான்கு மணிக்கே மணியடித்து எழுப்பிவிடும் அந்தக் காலத்துக் கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுதலை விளையாட்டு. சேன் நதித் தீவில் கூடி ஓடுவார்கள், தாண்டுவார்கள், பந்தடிப்பார்கள். அவர்களில் உயரம் தாண்டுவதில் சவேரியார் முதல் வரிசை. நல்ல உயரம், ஒட்டிய வயிறு, நவார் மலைக்காரனின் கெண்டைக்கால். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அறையில் உடன் தங்கியிருந்த பேதுரு ஃபேபர் சாது. 1529இல் அதே அறைக்கு வந்து சேர்ந்த, பின்னால் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரோ போரில் குண்டடி பட்டுக் கால் நொண்டியவர். துள்ளித் திரிந்த இளைஞனை அந்த நொண்டிக் கால்காரர் மெல்ல மெல்ல வளைத்துப்போட்டது நான்கைந்து ஆண்டுக் கதை. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். இயேசு சபைக்கு வித்து அதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததாகப் பழைய வரலாறுகள் சொல்லும் சம்பவம் கேட்பவரைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். தாண்டுவதில் தான் பட்ட பெருமையை நினைத்து வெட்கப்பட்ட சவேரியார், கையையும் தொடையையும் மெல்லிய கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டாராம். அப்படியே நடந்ததில் சதை வீங்கிக் கயிறு உள்ளே புதைந்து, வெட்டி எடுக்க வைத்தியரே அஞ்சினாராம். தோழர்கள் இரவெல்லாம் ஜெபித்தார்கள், காலையில் கயிறு தானாக அறுந்து கிடந்தது என்று கதை முடிகிறது. இந்தக் காலத்துப் பயிற்சியாளர் எவரும் இதை மெச்சமாட்டார். நாமும் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் வீரர் ஒருவர் தன் உடம்போடு போட்ட சண்டை எவ்வளவு கடுமையானது என்பதற்கு இது சாட்சி. 1536 நவம்பர் நடுவில் பாரிஸை விட்டுக் கிளம்பிய அந்தக் கூட்டம், பனியிலும் மழையிலும் கால்நடையாக ஆல்ப்ஸ் பகுதியைக் கடந்து 1537 ஜனவரி 8 அன்று வெனிஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்கள் இறங்கியது ஆஸ்பத்திரி வேலையில். தீராத நோயாளிகளின் புண் கழுவுவதும், படுக்கை மாற்றுவதும், செத்தவரை அடக்கம் செய்வதும்தான் பாரிஸ் பட்டதாரிகளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

அவர் லிஸ்பனில் கப்பல் ஏறியது 1541 ஏப்ரல் 7, அவருக்கு முப்பத்தைந்து முடிந்த நாள். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கி, பதின்மூன்று மாதம் கழித்து 1542 மே 6 அன்று கோவா வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அக்டோபர் 28 தேதியிட்ட அவருடைய கடிதம் தூத்துக்குடியிலிருந்து போயிருக்கிறது.

அவர் வந்து இறங்கிய கரை ஏற்கெனவே கிறிஸ்தவக் கரை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்களை மதம் மாற்றியவர் சவேரியார் அல்லர். முத்துச் சலாபத்தின் மீதான உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட பகை முற்றியபோது, ஜொவாம் த குரூஸ் என்ற கள்ளிக்கோட்டை வணிகரின் யோசனைப்படி பரதவ ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதற்கு விலையாக 1536, 1537இல் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் கொச்சிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த சவேரியார் என்ன வேதம், என்ன விசுவாசம் என்று விசாரித்தபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

பாரிஸ் விளையாட்டு வீரர் இங்கே வந்து சந்தித்த மக்களும் உடம்பால் பிழைத்தவர்கள்தாம். முத்துக்குளிப்பவன் செய்வதை எந்த விளையாட்டு மைதானத்திலும் பார்க்க முடியாது. பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் சில வாரங்கள்தான் குளிப்புக் காலம். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் சிப்பி கிடக்கும் பாருக்குப் போகும். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் ஒரு காலை ஊன்றி, கழுத்தில் வலைப்பையை மாட்டிக்கொண்டு, மூக்கை விரலால் பிடித்தபடி ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு நேராக இறங்குவான். அடி தட்டியதும் காலைக் கல்லிலிருந்து எடுப்பான். மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். தரையில் தவழ்ந்து சிப்பிகளை வாரிப் பைக்குள் போட ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். கயிற்றை வெட்டி இழுத்தால் மேலே தூக்கிவிடுவார்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவான். மதியம் வரை இப்படியே. காதில் இரத்தம் வரும், கண் சிவந்து எரியும், சுறா பயம் வேறு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதக் கடல்கட்டி என்றே ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பார்; அவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் கால் வைக்கமாட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த முத்தில் குளித்தவனுக்கு வந்தது கொஞ்சம். அரசனுக்கு ஒரு பங்கு, தோணிக்காரனுக்கு ஒரு பங்கு, கடன் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு, போர்த்துகீசியர் வந்தபின் அவர்களுக்கும் ஒரு பங்கு. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1955 முதல் 1961 வரை. அதோடு பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. அந்தக் கல்லில் கால் வைத்தவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருப்பார்கள்.

இந்த மக்களிடையே சவேரியார் வேலை செய்த விதம் எளிமையானது. அதனாலேயே உடம்பை முறிப்பது. தமிழ் தெரிந்தவர்களை உட்கார வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்தார். மனப்பாடம் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு மாதம் போல ஓர் ஊரில் தங்கி, அவர்கள் வாயில் நிற்கும்வரை சொல்லிக்கொடுத்தார். எழுத்துத் தெரிந்தவர்களிடம் ஒரு படி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊர். வேம்பார் பக்கமிருந்து கன்னியாகுமரி வரை இப்படியே. நோயாளி வீடுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட, எல்லா வீட்டுக்கும் தானே போக முடியாமல் சிறுவர்களின் கையில் சிலுவையைக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் போய் ஜெபம் சொல்லிவிட்டு வருவார்கள். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கை அசந்துபோவதையும் விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போய்விடுவதையும் அவரே குறிப்பிடுகிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பித்துப் பிடித்தவன்போலக் கத்த வேண்டும், படித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் இங்கே வரமாட்டார்களா என்று கேட்க வேண்டும் என்று அதே கடிதத்தில் ஆற்றாமை பொங்குகிறது.

நடப்பது என்றால் இன்றைய சாலையில் நடப்பதல்ல. திருச்செந்தூருக்குத் தெற்கே கரையை ஒட்டிப் போனால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் செம்மணல் தேரி. வைத்த கால் கணுக்கால்வரை புதையும். பங்குனி வெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு நடப்பது உள்ளூர்க்காரருக்கே சோதனை. சவேரியார் பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தார் என்று அவர் இறந்தபின் போர்த்துகல் அரசரின் ஆணைப்படி நடந்த விசாரணையில் நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். கிழிந்த அங்கி, ஒருவேளைச் சோறு, மூன்று நான்கு மணி நேரத் தூக்கம்.

1544ஆம் ஆண்டு இந்த நடைக்கு வேறு அர்த்தம் வந்தது.

அந்த ஜூன் மாதம் வடுகர் எனப்பட்ட தெலுங்கர்களின் குதிரைப்படை தெற்கே இறங்கிக் குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களைச் சூறையாடியது. தப்பியவர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் ஏறிப் பதுங்கினார்கள். சோறு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. செய்தி மணப்பாட்டுக்கு வந்ததும் சவேரியார் இருபது தோணிகளில் உணவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர்ப் பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டச் சொன்னவர், ஏழைகளை வற்புறுத்தி எதுவும் வாங்கக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆனி மாதக் கச்சான் காற்று யாருக்கும் வளைந்து கொடுக்காது. மணப்பாட்டிலிருந்து குமரிக்குப் போவதென்றால் அந்தக் காற்று நேரே முகத்தில் அறையும். எட்டு நாள் கடலில் அல்லாடியும் தோணிகள் குமரியை நெருங்க முடியவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

கடல் விடவில்லை என்றதும் தரைவழியே நடந்தார். போய்ச் சேர்ந்து கண்டதை ஆகஸ்ட் 1 தேதியிட்ட கடிதத்தில் எழுதுகிறார். பசியில் நடக்கமுடியாதவர்கள், வழியிலேயே செத்துக்கிடந்த முதியவர்கள், பாதையோரத்தில் பிள்ளை பெற்ற பெண்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மணப்பாடு வந்தார். உயரம் தாண்டிய கால்களுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்காது.

அந்தக் கோடை முழுவதும் அவர் கடிதங்கள் ஒரு குருவின் கடிதங்களைப் போலவே இல்லை. பேரிடர் மேலாண்மை அதிகாரியின் உத்தரவுகள்போல இருக்கின்றன. வல்லங்களை நீரில் இறக்கித் தயாராக வையுங்கள், இரவில் குதிரைப்படை வந்தால் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்விடலாம். உள்நாட்டுப் பக்கம் ஆள் போட்டுக் காவல் காருங்கள். பட்டங்கட்டிகள் மீது அவருக்கு நம்பிக்கை குறைவு. காவலுக்கு இரண்டு பணம் செலவழிக்கக்கூட மனம் வராது இவர்களுக்கு என்று சலித்துக்கொள்கிறார். கடிதங்களைப் பெற்றவர் உடன் ஊழியர் மான்சிலாஸ். படிப்பில் சுமாரானவர், கொஞ்சம் அவசரக்காரர். ஜனங்களிடம் பொறுமையாக இரும் என்று அவருக்குச் சவேரியார் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

ஆலந்தலை வரலாற்றில் தலைகாட்டுவது இங்கேதான்.

1544 செப்டம்பர் 5 அன்று சவேரியார் ஆலந்தலையில் இருக்கிறார். அவர் எழுத்தில் ஊர்ப் பெயர் ‘அலெந்தலே’ என்று இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது. வடுகர்கள் அங்கே புகுந்துவிட்டார்கள். துறைக்குப் பொறுப்பான போர்த்துகீசியக் கேப்டன் கோஸ்மே தே பாய்வாவின் கப்பலும் வீடும் எரிந்துவிட்டன. கேப்டனும் ஊர் ஜனங்களும் எதிரே இருக்கும் தீவுகளுக்கு ஓடியிருக்கிறார்கள். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் அந்தத் தீவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முருகைக்கல்லும் மணலும் கொஞ்சம் புதரும்தான். குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது.

இந்த பாய்வா யார்? சவேரியாருக்கு இந்தக் கரையில் இருந்த தலைவலிகளில் பெரியது. முத்துக்குளிக்கும் மக்களைப் பாதுகாக்க அனுப்பப்பட்டவர், கயத்தாற்றை ஆண்ட வெட்டும்பெருமாளுக்குக் குதிரை விற்றுக் காசு பார்த்தார். வெட்டும்பெருமாளோ திருவிதாங்கூர் மன்னரோடு போரில் இருந்தவர். குதிரை யாருக்குப் போகிறது, யார் தலையில் விடிகிறது என்பது பற்றிக் கேப்டனுக்குக் கவலையில்லை. சவேரியார் இதைக் கண்டித்தார். பதிலுக்குக் கேப்டன், இந்தக் குருவால் எனக்கு நேர்ந்த கேட்டைச் சொல்லி மாளாது என்ற தொனியில் கடிதம் எழுதியிருந்தார்.

அதே மனிதர் இப்போது தீவில் தாகத்தோடு கிடக்கிறார். ஆலந்தலையிலிருந்து சவேரியார் மான்சிலாசுக்கு எழுதுகிறார். கடவுளின் பேரால் உடனே கிளம்பும். புன்னைக்காயல் ஜனங்களையும் அங்குள்ள தோணிகளையும் கூட்டிக்கொள்ளும். தோணி நிறையக் குடிதண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு கேப்டனிடம் போம். கொம்புத்துறை, புன்னைக்காயல் பட்டங்கட்டிகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நானே போயிருப்பேன், ஆனால் என்னைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். பழைய வாக்குவாதத்தைப் பற்றி ஒரு குத்தல்கூட இல்லை. தான் போகாததற்குக் காரணம் சொல்லும் இடத்தில் மட்டும் அந்தக் கசப்பு எட்டிப்பார்க்கிறது. இரண்டு நாள் கழித்துத் திருச்செந்தூரிலிருந்து அடுத்த கடிதம். தீவுகளில் பசியிலும் தாகத்திலும் சாகிறவர்களை அழைத்து வந்து கொம்புத்துறை, புன்னைக்காயல் போன்ற ஊர்களில் குடியமர்த்தச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் அவரே தூத்துக்குடியில் இருந்தார்.

எந்தப் புதுமையைவிடவும் இந்தத் தண்ணீர்த் தோணிகள்தாம் சவேரியாரைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கின்றன என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. எதிரிக்கு எத்தனை தோணி, எந்த ஊர்த் தோணி, அதில் என்ன ஏற்றுவது என்று கணக்குப் போடுவது வேறு வகைக் காரியம்.

இன்னொரு கணக்கும் இந்தக் கரைக்கு அவர் செய்த நன்மைகளில் சேர்த்தி. பரதவர்கள் ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துகல் அரசிக்குக் கட்டிவந்தார்கள். அரசியின் செருப்புச் செலவுக்கு என்று அந்த வரிக்குப் பெயர். சவேரியார் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி, ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அமர்த்திய கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது என்ற பொருளில் அரசி கத்தரீனாவுக்கு எழுதினாராம். வெறுங்காலோடு நடந்தவருக்கு அந்தக் கிண்டலைச் செய்ய உரிமை இருந்தது. கோவில் கணக்கப்பிள்ளை என்ற பதவி கடலோரப் பங்குகளில் பல நூற்றாண்டு நிலைத்தது.

அவர் படத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. சிறுவர்களை ஏவி வீடுகளிலிருந்த சிலைகளை உடைக்க வைத்ததை அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். குடித்த பெண்களுக்குச் சிறையும் அபராதமும் விதிக்கச் சொன்னார். அந்தணர்களைப் பற்றி அவர் எழுதிய சொற்களில் நியாயம் கொஞ்சமும் ஆத்திரம் அதிகமும். 1546இல் அம்போய்னா தீவிலிருந்து அரசர் மூன்றாம் ஜானுக்கு எழுதி, கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டுமென்று கேட்டார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1560இல் அது வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் அதில் நொறுங்கின. பதினாறாம் நூற்றாண்டு மனிதர் அப்படித்தான் இருப்பார் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அதே நூற்றாண்டில்தான் இதே கரையில் இயேசு சபையின் என்றீக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சடித்தார். மக்களின் மொழிக்குள் இறங்கும் பொறுமை சவேரியாருக்கு வாய்க்கவில்லை. அவர் கால்கள் எப்போதும் அடுத்த ஊரையே நோக்கின. 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவ மீனவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்து மயிலாப்பூர், மலாக்கா, மொலுக்கஸ், 1549இல் ஜப்பான். 1552 டிசம்பர் 3 அன்று சீனாவின் வாசலில், சான்சியான் தீவில் நாற்பத்தாறாம் வயதில் காய்ச்சலில் இறந்தார்.

விளையாட்டு வீரர் ஊழியத்துக்குப் போவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மோஸ்தராகவே ஆயிற்று. நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம்: இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் சி. டி. ஸ்டட். 1882 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, ஆஷஸ் என்ற பெயருக்கே காரணமான ஆட்டத்தில் ஆடியவர். சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனவர், தந்தை பீகாரில் அவுரித் தோட்டத்தில் சம்பாதித்த சொத்து தன் பங்குக்கு வந்ததும் அங்கிருந்தே அதை வாரிக் கொடுத்தார். கொடுத்ததில் ஒரு பங்கு இந்தியாவில் இரட்சணிய சேனைக்கும் வந்தது. 1900 முதல் 1906 வரை இந்தியாவில் இருந்தார். பெரும்பகுதி உதகமண்டலத்தில் யூனியன் சர்ச் போதகராக. பிறகு காங்கோ, 1931இல் அங்கேயே இறந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடெல், சீனாவில் ஆசிரியராகி, 1945இல் ஜப்பானியச் சிறைமுகாமில் மாண்டார். அதே ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதும் எத்தனையோ பி.டி. வாத்தியார்களுக்கு நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரிதான் தாய்வீடு.

இவர்களுக்கெல்லாம் விளையாட்டுப் புகழ் ஊழியத்துக்கு ஒரு மேடையாக உதவியது. ஸ்டட்டைப் பார்க்கக் கூட்டம் கூடியது அவர் கிரிக்கெட் வீரர் என்பதால். சவேரியாருக்கு அப்படி ஒரு மேடை கிடையாது. ஆலந்தலையில் அவர் பாரிஸில் எவ்வளவு உயரம் தாண்டினார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் உடம்பின் பிற்காலக் கதை தனி. உடல் கோவா வந்து சேர்ந்தது. 1614இல் வலது கையின் ஒரு பகுதியை வெட்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். ஜேசு கோவிலில் இன்றும் இருக்கிறது. முத்துக்குளித்துறையில் தண்ணீர் ஊற்றி ஓய்ந்தது அந்தக் கைதான். 1622இல் புனிதர் பட்டம். பழைய கோவாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை உடலைத் தரிசனத்துக்கு இறக்குகிறார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அவர் பிறந்த நவாரிலோ மார்ச் மாதத்தில் ஊர் ஊராக மக்கள் கோட்டையை நோக்கி நடக்கிறார்கள். பாம்ப்லோனா நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர்போல இரவு பகலாக நடை. இரு நாட்டு மக்களுக்கும் நடையின் அருமை தெரிந்திருக்கிறது.

ஆலந்தலைக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதன் தேதி செப்டம்பர் 5. நம் பள்ளிகளில் ஆசிரியர் தினம். கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்கிக்கொடுத்தவரின் கடிதத்தை அன்று வாசிப்பது எந்த மதத்துப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆலந்தலையிலும் திருச்செந்தூர் வட்டாரத்திலும் உள்ள தலைமை ஆசிரியர்கள் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவியை விட்டு அதை வாசிக்கச் சொல்லலாம். ஐந்து நிமிடம் போதும்.